இறந்தவருக்கு நான் அனுப்பிய மூன்று கடிதங்கள்

கிராமிய வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: நகை அடகு வைத்தவர் இறந்துபோனால் முதலில் எந்தச் சுற்றறிக்கையைப் பார்க்க வேண்டும்? அதன் இலக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் சுற்றறிக்கைக் கோவையைப் புரட்டினாலும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தச் சுற்றறிக்கையை ஒரு சொல் பிசகாமல் பின்பற்றி நான் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. அது அலுவலகக் கோவையில் அரைப் பக்கம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்று ஏழு மாதங்களாகின்றன. கடைசிப் பதினொரு வருடங்கள், கிளிநொச்சிக்குத் தெற்கே, குளத்து நீரில் வயல் செய்யும் ஓர் ஊரில் சிறிய கிளை ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தேன். நான்கு பேர் வேலை செய்தோம்; ஊரில் எல்லோரும் என்னை மிஸ் என்றே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அன்று நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதிவைப்பது என் வழக்கம். ஆகவே கீழே வரும் பேச்சுக்கள் பெரும்பாலும் பேசப்பட்டபடியே இருக்கும்.

பூமணி அம்மா ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில், மாரிகால நெல்லான காலபோகத்துக்கு வயல் உழத் தொடங்குமுன் வருவார். கூட்டுறவுக் கடைக்குச் சீனி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருப்பார். உள்ளே வந்ததும் என் அறைக் கதவைச் சாத்தச் சொல்வார். கழுத்திலிருந்த தாலிக்கொடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பைக்குள்ளிருந்து அதே வடிவத்தில் வவுனியாவில் வாங்கிய கவரிங் கொடியை எடுத்துப் போட்டுக்கொள்வார். மாசியில் நெல் விற்ற கையோடு வந்து, அடகை மீட்டு, மறுபடி மாற்றிக்கொண்டு போவார்.

முதல் தடவையே என்னிடம் சொல்லிவிட்டார்.

"அவருக்குத் தெரியக்கூடாது, பிள்ளை. தெரிஞ்சால் வயல் செய்யிறதையே விட்டிடுவார்."

காரணம் இதுதான். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அந்த வீட்டில் எல்லாம் போனது. உழவு மிசின், மாடுகள், அவர்களின் ஒரே மகள், மருமகன். சட்டை விளிம்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த அந்தக் கொடி மட்டும் தப்பியது. திரும்பி வந்து கொட்டில் போட்ட அன்று கணவர் செல்லத்துரை ஐயா சொன்னாராம், பட்டினி கிடந்தாலும் இதில் கை வைக்கக்கூடாது என்று. பூமணி அம்மாவும் தலையை ஆட்டிவிட்டு, விதைநெல் வாங்க வேண்டிய நேரம் வந்ததும் எங்களிடம் வந்தார்.

"அப்ப காசு எங்கால எண்டு ஐயா கேக்கமாட்டாரோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சீட்டுக்காசு எண்டுவன். ஆம்பிளையளுக்குச் சீட்டு எண்டால் போதும். அதுக்கு மேல கேக்க அவைக்குப் பயம்."

இப்படி ஆறு காலபோகம் நடந்தது. ஆறாவதில் வெள்ளம் வந்து கதிர் வந்த வயல் முழுவதையும் அழித்துவிட்டது. மாசியில் அவர் கொடியை மீட்க வரவில்லை. பங்குனியில் நெஞ்சுநோ வந்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனார்.

நாங்கள் நால்வரும் செத்த வீட்டுக்குப் போனோம். நான் செல்லத்துரை ஐயாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தேநீர் தந்தார்கள், குடித்தேன். பூமணி அம்மாவின் கழுத்தில் கிடந்தது எந்தக் கொடி என்பது அந்தப் பந்தலில் எனக்கு மட்டும் தெரியும்.

வைகாசியில் அடகின் தவணை முடிந்தது. சுற்றறிக்கை சொல்வது தெளிவானது: அடகு வைத்தவரின் பெயருக்கு, அவர் தந்த முகவரிக்கு, மூன்று நினைவூட்டல் கடிதங்கள். பிறகு ஏலப் பட்டியல். ஆனியில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று அனுப்பினேன். மூன்றிலும் "திருமதி செ. பூமணி" என்று தட்டச்சு செய்து, என் கையெழுத்தைப் போட்டு, பதிவேட்டில் "அனுப்பப்பட்டது" என்று குறித்தேன். மூன்றாவது கடிதத்தில் கையெழுத்திடும்போது பேனா ஒரு கணம் நின்றது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஏன் நின்றது என்று எழுதவில்லை.

எனக்குள் இரண்டு சாட்டுகள் இருந்தன. ஒன்று, அவருக்குக் கொடுத்த வாக்கு. மற்றது, கடிதத்தைப் பார்த்தால் வீட்டுக்காரர் தாமாகவே வருவார்கள் என்ற நினைப்பு. வாக்கைக் காப்பாற்றுவதாகவும் விதியைக் காப்பாற்றுவதாகவும் ஒரே நேரத்தில் எண்ணிக்கொண்டு, சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தேன்.

புரட்டாதி வந்தது. அடகுப் பகுதியில் பதினைந்து, இருபது பேர் நிற்கும் நாட்கள் அவை. அன்று ஏலப் பட்டியல் தயாராகி என் மேசையில் இருந்தது. பின்னேரம் வெளியே அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். அதில் நான்காவது பெயர் பூமணி அம்மாவுடையது.

பத்து மணியளவில் செல்லத்துரை ஐயா வரிசையில் நின்றார். பக்கத்தில் அவருடைய பேத்தி தர்சிகா, கையில் ஒரு கணக்குக் கொப்பியோடு நின்றாள். இறந்துபோன அந்த மகளின் ஒரே பிள்ளை. அம்மம்மாவும் அம்மப்பாவும்தான் வளர்த்தார்கள். அப்போது இருபது வயது. வவுனியாவில் தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகி, தை மாதத்தில் போக இருந்தாள்.

ஐயாவின் முறை வந்தது. வெள்ளைத் துணி முடிச்சை அவிழ்த்துக் கொடியை வைத்தார்.

நான் என் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். தொலைவிலேயே தெரிந்தது. ஆறு வருடம் என் அறையில் பார்த்த கவரிங் கொடி.

போலி நகைக்கும் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. உரைகல்லில் உரைத்துப் போலி என்று கண்டால், நகையைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. பதிவேட்டில் எழுதி, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். நான் எழும்பவில்லை.

அடகுப் பகுதியில் இருந்த பெண் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பதவியிலும் கீழே. இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் கொடியை உள்ளங்கையில் எடுத்தார். எடுத்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும். நிறை பழகிய கை அது. உரைகல் அவருடைய முழங்கைக்கு அருகில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கொடியைத் துணியில் மறுபடி சுற்றினார்.

"ஐயா, தாலிக்கொடி எண்டால் மிஸ்தான் பாக்க வேணும். உள்ளுக்குப் போங்கோ."

அப்படி ஒரு விதி கிடையாது. வரிசையில் நின்ற ஒருவர் விடவில்லை.

"எங்கட மனிசிமாற்ற கொடியெல்லாம் இஞ்சதானே வச்சுப் பாத்தனீங்கள்?"

"உங்கட கொடியை வருசத்துக்கு ரெண்டுதரம் பாக்கிறம், அண்ணை. அது எங்களைக் கண்டால் தானாவே பெட்டிக்குள்ள போகும்."

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஐயாவும் தர்சிகாவும் என் அறைக்குள் வந்துவிட்டார்கள். உரைக்காத நகையைப் போலி என்று எவரும் எழுத முடியாது. அவர் அதை எத்தனை விநாடிகளில் யோசித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன்.

தர்சிகா கொப்பியைத் திறந்தாள். வீட்டுக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்று இரண்டு நிரலில் எழுதியிருந்தாள். அம்மம்மா போன பிறகு வீட்டுச் செலவு எதுவும் அம்மப்பாவுக்குப் பிடிபடவில்லை, கரண்ட் பில் எங்கே கட்டுவது என்பதே தெரியாமல் இருந்தார் என்றாள்.

"மிஸ், ஊரில சீட்டுப் பிடிக்கிற மூண்டு பேரிட்டையும் விசாரிச்சனான். அம்மம்மா ஒருத்தரிட்டையும் சீட்டுப் போடேல்லையாம். அப்ப விதைக்கிற காசு எங்கால வந்தது?"

"அதை விடு, பிள்ளை," என்றார் ஐயா. "அவா எங்கையோ போட்டிருப்பா. எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை." என் பக்கம் திரும்பினார். "இதில கை வைக்கிறேல்லை எண்டு சொன்னது நான்தான். இப்ப வேறை வழி தெரியேல்லை. மூண்டு ஏக்கருக்கும் விதைநெல், உழவு, பசளை. எவ்வளவு தருவியள்?"

"ஐயா, எங்கட வங்கியில இருந்து வீட்டுக்குக் கடிதம் வந்ததோ?"

"வந்தது. மூண்டு. அவான்ர பேருக்கு. படத்துக்கு முன்னால வச்சிருக்கிறன்."

"உடைச்சுப் பாக்கேல்லையோ?"

"அவாக்கு வந்ததை நான் ஏன் உடைக்கிறன்? ஆட்டைத் திவசம் முடியட்டும் எண்டு விட்டிருக்கிறன்."

"நான் உடைப்பம் எண்டு கேட்டனான், மிஸ்," என்றாள் தர்சிகா. "அதுக்கு ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

நம் பகுதியில் ஆள் இறந்து ஆட்டைத் திவசம் வரும்வரை, ஒரு வருடத்துக்கு, எத்தனையோ வீடுகளில் அவருடைய பெட்டியைத் திறப்பதில்லை, அலுமாரியைக் கிளறுவதில்லை. சுற்றறிக்கை எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். என் தாயாரின் அலுமாரியை நானும் ஒரு வருடம் திறக்கவில்லை. தெரிந்துகொண்டே அந்தப் பெயருக்கு மூன்று கடிதம் போட்டிருந்தேன்.

வாக்குக் கொடுத்தேனே என்ற எண்ணம் அப்போதும் வந்தது. ஆனால் பூமணி அம்மா மறைத்தது வயல் நிற்கக்கூடாது என்பதற்காக. இப்போது நான் மறைத்தால் வயலும் நிற்கும், கொடியும் போகும். ஆகவே சொன்னேன். முதல் புரட்டாதியிலிருந்து ஒன்றும் விடாமல், கூட்டாமல் சொன்னேன்.

ஐயா கொடியைத் துணியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு தர்சிகாவிடம் கொடுத்தார்.

"செத்த வீட்டில கழட்டித் தரேக்கயே பாரம் இல்லாமல் இருந்தது," என்றாள் அவள். "அழுகைக்குள்ள யோசிக்கேல்லை."

"எத்தினை வருசம்?" என்று ஐயா கேட்டார்.

"எனக்குத் தெரிய ஆறு."

"வெள்ளத்தில போன விதைப்பும்?"

"அதுவும்தான், ஐயா. அதாலதான் மீட்க வரேல்லை."

"வெள்ளத்துக்குப் பிறகு வரம்பில நிண்டு என்னைப் பாத்துச் சொன்னவா, பரவாயில்லையப்பா, அடுத்த சீட்டு இருக்கெண்டு." மேசையில் கிடந்த வெள்ளைத் துணியை மடித்தார். "அப்ப நான் ஆறு வருசமா விதைச்சது அவான்ர கழுத்தில கிடந்ததை."

பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் செத்த வீட்டுக்கு வந்தனீங்கள். எனக்குப் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள். எழும்பிப் போய், செத்தவவுக்குக் கடிதம் போட்டிருக்கிறியள்."

"ஓம், ஐயா. பிழை விட்டிட்டன்."

என் மேசைக்குப் பின்னால் சுற்றறிக்கைக் கோவை இருந்தது. கை அதன் பக்கம் போனது. எடுத்திருந்தால், ஒவ்வொரு வரியும் என் பக்கம்தான் பேசியிருக்கும். எடுக்காமல் விட்டதை அன்று நான் செய்த முதல் சரியான காரியமாக நினைக்கிறேன்.

தர்சிகா கையிலிருந்த கொடியை மேசையில் வைத்தாள்.

"இப்ப அது எங்க, மிஸ்?"

"உள்ளுக்குப் பெட்டகத்தில இருக்குது. ரெண்டு கிழமையில ஏலம்." பட்டியலைத் திருப்பிக் காட்டினேன். "இது இண்டைக்குப் பின்னேரம் வெளியில ஒட்டுறது."

"பேரோடையோ?" என்றார் ஐயா.

"பேரோடதான்."

கதிரையிலிருந்து பாதி எழுந்தவர் மறுபடி இருந்தார். "கொடி போனால் போகட்டும். அவான்ர பேரை மட்டும் ரோட்டில ஒட்ட வேண்டாம்."

பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கும் அதிகாரம் எனக்கில்லை. தலைமை அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பானவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அவர்கள் முன்னாலேயே பேசினேன்.

"மூண்டு கடிதமும் போட்டாச்சுத்தானே?" என்றார் அவர்.

"போட்டது, சேர். செத்த ஆளுக்குப் போட்டது."

"செத்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும், சேர். செத்த வீட்டுக்குப் போனனான்."

மறுமுனையில் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்பிடியெண்டால் அறிவித்தல் உரிமைக்காரருக்குப் போய்ச் சேரேல்லை. அதை எழுதி, பிழை ஆரின்ர எண்டும் எழுதி, உங்கட கையெழுத்தோட அனுப்புங்கோ. இண்டைக்கு அந்தப் பேரை ஒட்ட வேண்டாம், ஒரு மாதம் தாறன். அதுக்குள்ள உரிமைக்காரர் கடதாசியளோட வரவேணும்."

அரைப் பக்கம் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று பிறகு வந்து என் தனிக்கோவையில் சேர்ந்தது. அந்த வருடச் சம்பள ஏற்றமும் பிந்தியது. அவர் நினைத்திருந்தால், எல்லாம் முறைப்படிதானே என்று தொலைபேசியை வைத்திருக்கலாம். அவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

நான் எழுதி முடிக்கும்வரை ஐயா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதால உங்களுக்குக் கரைச்சல் வருமோ?"

"கொஞ்சம் வரும், ஐயா."

"வரத்தான் வேணும்," என்றார். அதைச் சொல்லிவிட்டு, அதுவரை தொடாமல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிக் கடிதம், முன்பே சுவிசுக்குப் போய்விட்ட ஒரே மகனின் சம்மதக் கடிதம். இவற்றைச் சேர்க்கும் விபரம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வருவது அடுத்த கிழமை என் அறையில் நடந்த பேச்சு. அதில் பெரும்பகுதியைப் பேசியது தர்சிகா.

ஐயா அன்று வேறொரு முடிவோடு வந்திருந்தார். கிழமைதோறும் தவணை கட்ட வேண்டிய கிழமைக்கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றின் ஆள் வீட்டுக்கு வந்து, நாளைக்கே காசு தருவதாகச் சொல்லியிருந்தார். அதை எடுத்து அடகை மீட்டு, மூன்று ஏக்கரும் விதைத்து, மாசியில் கட்டிவிடலாம்.

நான் வாய் திறக்குமுன் அவள் கொப்பியைத் திருப்பி அவருக்கு முன்னால் வைத்தாள்.

"அம்மப்பா, இஞ்ச பாருங்கோ. மாசி வரைக்கும் எத்தினை கிழமை எண்டு எண்ணுங்கோ. ஒவ்வொரு கிழமையும் இவ்வளவு கட்ட வேணும். நெல்லு மாசியிலதான் வரும். கார்த்திகையில எதைக் கட்டுவியள்?"

"ரெண்டு ஆடு நிக்குது."

"ஆடு கார்த்திகைக்கு. மார்கழிக்கு?"

"கோழி."

"தைக்கு?"

"தைக்கு நீ வவுனியாவுக்குப் போயிடுவாய். பிறகு என்னை ஆர் கேள்வி கேக்கிறது?"

அவள் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் இப்ப கேக்கிறன்."

அவளுடைய திட்டம் கொப்பியின் அடுத்த பக்கத்தில் இருந்தது. இரண்டு ஏக்கரை இந்தப் போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பது. அந்தக் காசில் அடகின் வட்டியைக் கட்டி அதை அம்மப்பாவின் பெயருக்கு மாற்றுவது, மிச்சத்தில் ஒரு ஏக்கர் மட்டும் விதைப்பது. விளைந்தால் அடகுக் கடனில் பாதிக்கு மேல் கட்டலாம். விளையாவிட்டாலும் கொடி பெட்டகத்திலேயே இருக்கும். முப்பது வருடம் இதே வேலையைச் செய்த எனக்கு, அந்தப் பக்கத்தில் திருத்துவதற்கு ஒரு எண்கூட இருக்கவில்லை.

தன் வயலில் இன்னொருவர் இறங்குவது ஐயாவுக்குப் பெரிய வருத்தம். நெடுநேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எந்த ரெண்டு?" என்று கேட்டார். அப்போதே சம்மதித்துவிட்டார் என்று எங்களுக்கு விளங்கியது.

சுவிசுக்குத் தொலைபேசி எடுத்தது தர்சிகா. சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"காசு கேக்கேல்லை எண்டு முதலே சொல்லு," என்றார் ஐயா.

"கேக்குது, அப்பா," என்றது மகனின் குரல். "அம்மா எனக்கும் சீட்டு எண்டுதான் சொன்னவா. அந்தக் கொடியை நான் முழுசா மீட்டுத் தாறன். எவ்வளவு?"

"வேண்டாம். வயலுக்குப் போனதை வயல்ல இருந்தே எடுப்பம்."

"ஏன் அப்பா இப்பிடிப் பிடிவாதம்?"

இங்கே நான் தலையிட இருந்தேன். கொடுக்கிற காசை வாங்குங்கள் என்பதுதான் என் எண்ணம். தர்சிகா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"மாமா, கொடியை விடுங்கோ. நான் போனாப் பிறகு அம்மப்பா தனிய. ஏலாமல் வந்தால் வாகனம் பிடிக்கக் காசு வேணும். அம்மம்மாக்கு வாகனம் வர ஒண்டரை மணித்தியாலம் பிந்தினது. அதுக்கு எண்டு ஒரு கணக்குத் திறப்பம். நீங்கள் அதுக்குப் போடுங்கோ."

மறுமுனையில் அவர் சம்மதித்தார். ஐயாவும் மறுக்கவில்லை. ஒருவரின் மானத்துக்கும் மற்றவரின் ஆசைக்கும் தனித்தனி இடம் கொடுத்துவிட்டாள். நான் தலையிட்டிருந்தால் இரண்டையும் மோதவிட்டிருப்பேன்.

கடைசியாக ஒரு படிவம் மிஞ்சியது. ஐயாவின் சேமிப்புப் புத்தகத்தில், அவருக்குப் பிறகு காசு யாருக்கு என்ற இடத்தில் இன்னும் பூமணி அம்மாவின் பெயர் இருந்தது. அதையும் நான் அத்தனை மாதங்கள் கவனிக்கவில்லை. பழைய படிவத்தைக் காட்டி, இதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதிக் கையெழுத்து வையுங்கள் என்றேன். வழமையான முறை அதுதான்.

ஐயா பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

"வெட்டத்தான் வேணுமோ?"

அடகுப் பகுதிப் பெண் அப்போது ஒரு பதிவேட்டோடு உள்ளே வந்திருந்தார். போய், வெறும் படிவம் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பழையதை மடித்து ஐயாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டார். நாங்கள் வைத்திருக்க வேண்டிய கடதாசி அது. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கோவையில் அதன் பிரதியைப் போட்டுக்கொண்டேன்.

புதுப் படிவத்தில் தர்சிகாவின் பெயரை ஐயா தன் கையாலேயே எழுதினார். எழுதும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் இப்போது பதவி ஏற்கும் கிளைகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பெயர் இருக்கும். செத்த வீட்டுக்குப் போய் வந்த மறுநாள், அந்தப் பெயர் நம்முடைய எந்தெந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முப்பத்தோராம் நாள் கிரியை முடியட்டும். பிறகு நேரில் போங்கள். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கடிதத்தைச் செருகிவிட்டு வராதீர்கள். ஐயாவின் வீட்டுக்கு அடுத்த பங்குனியில் ஆட்டைத் திவசத்துக்குப் போனேன். அவரே வந்து அழைத்தார். அந்த ஒன்று எனக்குப் போதும்; பிரியாவிடையில் தந்த விருதுக் கேடயம் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று தேடவேண்டிய தேவை வரவில்லை.

ஒரு ஏக்கர் நன்றாக விளைந்தது. மாசியில் ஐயா தனியாக, கணக்கைத் தானே வாசிக்க வாங்கிய மூக்குக்கண்ணாடியோடு வந்து பாதிக்கு மேல் கட்டினார். மிச்சத்தைச் சிறுபோகத்து உழுந்தில் கட்டி, ஆவணியில் கொடியை மீட்டார். தர்சிகா வவுனியாவிலிருந்து காலை பஸ்சில் வந்திருந்தாள். பெட்டகத்திலிருந்து எடுத்ததும் ஐயா அதை அவளிடம் நீட்டினார்.

"இனி இது உன்ர. மாமாவிட்டையும் சொல்லிப்போட்டன்."

அவள் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு திருப்பி அவர் கையில் வைத்தாள்.

"என்ரதாவே இருக்கட்டும், அம்மப்பா. ஆனா அடுத்த மாதம் மூண்டு ஏக்கரும் விதைக்க வேணுமெல்லே?"

அடுத்த மாதம் அவர் வந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு காலை, அடகுப் பகுதியில் நல்ல கூட்டம். நான் ஐயாவைக் கண்டதும் எழுந்து, உள்ளே வாருங்கள் என்று கதவைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வரிசையிலேயே நின்றார். தன் முறை வந்ததும் துணியை விரித்து, கொடியை எல்லோருக்கும் தெரிய மேசையில் வைத்தார்.

பின்னால் நின்ற பக்கத்து வயற்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன செல்லத்துரையண்ணை, கடைசியில மனிசியின்ர கொடியையும் கொண்டந்திட்டியளோ?"

"நானோ?" என்றார் ஐயா. "அவா ஆறு வருசம் கொண்டந்தவா, தம்பி. ஒரு குஞ்சுக்கும் தெரியாமல் மூண்டு ஏக்கர் விதைச்சவா. நான் இப்பதான் பழகிறன்."

அடகுப் பகுதிப் பெண் அடகுச் சீட்டை எழுதி நீட்டினார். ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தவணை முடியும் நாளை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, குடையை விரித்து, விதைநெல் வாங்கப் போனார்.